தைராய்டு முதுகில் நாலு பருப்பு: ஒரு காண்டாமிருகத்தில் தொடங்கிய கதை



கொஞ்சம் நீளமான இழை. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது தினமும் காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறார் என்றாலோ, கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனவர் இருக்கிறார் என்றாலோ, கடைசி வரை படித்துவிடுங்கள்.

அழகர்கோவில் பக்கம் ஓபியில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு நாலு பேராவது சொல்லும் வார்த்தை இது.

"எனக்கு தைராய்டு இருக்கு சார்."

தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கு. கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி அது. இவர்கள் சொல்ல வருவது, அது சுரப்பது கம்மியாகிவிட்டது என்பதை. ஹைப்போதைராய்டு.

இதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தத் தொந்தரவு வந்தாலும் பழி தைராய்டு மேல்தான் விழும்.

உடம்பு வலியா? தைராய்டு.
மலச்சிக்கலா? தைராய்டு.
விரல் மரத்துப் போகுதா, கெண்டைக்கால் இழுக்குதா? அதுவும் தைராய்டு.

பல நேரம் இது சரியாகவும் இருக்கும். ஆனால் எப்போதும் இல்லை.

ஏனென்றால் அந்த வண்ணத்துப்பூச்சியின் முதுகில், ஒவ்வொன்றும் உடைத்த துவரம்பருப்பு அளவில், நாலு குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெயர் பாராதைராய்டு. "பாரா" என்றால் கிரேக்க மொழியில் "பக்கத்தில்" என்று அர்த்தம். பக்கத்து வீடு, அவ்வளவுதான். தொழில் முற்றிலும் வேறு.

தைராய்டு உடம்பின் வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது.
பாராதைராய்டு ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இந்த ரெண்டும் வேறு வேறு என்று மருத்துவ உலகம் புரிந்துகொள்ள அரை நூற்றாண்டு ஆனது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கதை ஆரம்பிப்பது நம்ம நாட்டு விலங்கு ஒன்றிடமிருந்து!

1834-ல் லண்டன் விலங்கியல் கழகம் ஒரு இந்திய ஒற்றைக்கொம்பு காண்டாமிருகத்தை வாங்கியது. 15 வருடம் அங்கே வாழ்ந்து 1849-ல் அது இறந்துபோனது. உடலை அறுத்து ஆராயும் வேலை ரிச்சர்ட் ஓவன் என்ற புகழ்பெற்ற உடற்கூறு நிபுணரிடம் வந்தது.

தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன, கெட்டியான சுரப்பி இருப்பதை அவர் பார்த்தார். 1850-ல் அதைப் பற்றிப் பேசினார். அது அச்சில் வந்தது 1862-ல்.

யாரும் கண்டுகொள்ளவில்லை.

அத்தனை பெரிய உடம்பு என்பதால்தான் அது கண்ணில் பட்டது. மனிதக் கழுத்தில் பார்த்தால் ஒரு துளி கொழுப்பு மாதிரிதான் தெரியும். இன்றும் அறுவை சிகிச்சை மேசையில் அனுபவசாலிகளே நின்று, நிதானித்து, தேடித்தான் பார்க்கிறார்கள்.

அடுத்தவர் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரத்தில் ஒரு மருத்துவ மாணவர். பெயர் இவார் சாண்ட்ஸ்ட்ராம், வயது 25. 1877-ல் முதலில் ஒரு நாயின் கழுத்தில் அந்தச் சுரப்பியைப் பார்த்தார். பிறகு பூனை, முயல், மாடு, குதிரை என்று போய், கடைசியில் 50 மனித உடல்களில் தேடிப் பார்த்து 1880-ல் எழுதினார். பாராதைராய்டு என்ற பெயரை வைத்தவர் அவர்தான்.

அதையும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. தன் கண்டுபிடிப்பு எதற்கு உதவும் என்று தெரியாமலேயே 1889-ல், 37 வயதில் அவர் இறந்துபோனார்.

சரி, இங்கேதான் கதை அறுவை சிகிச்சை அரங்குக்குள் நுழைகிறது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ரெண்டு பெரிய அறுவை சிகிச்சை நிபுணர்கள் இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர். ஆஸ்திரியாவின் வியன்னாவில் தியோடர் பில்ரோத். ரெண்டு பேரும் முன்கழுத்துக் கழலைக்கு ஆபரேஷன் செய்தார்கள். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் அயோடின் குறைவு, அதனால் கழலை அதிகம்.

நோய் ஒன்று. ஆபரேஷனும் ஒன்று. ஆனால் பின்விளைவு மட்டும் ரெண்டு இடத்திலும் வேறு வேறாக இருந்தது!

கோகரின் நோயாளிகள் ஆபரேஷன் முடிந்து நன்றாக வீட்டுக்குப் போனார்கள். மாதங்கள் கழித்து முகம் வீங்கி, தோல் தடித்து, பேச்சு மெதுவாகி, யோசனையே மந்தமாகி நின்றார்கள். சிறுவயதில் ஆபரேஷன் ஆன ஒரு பெண்பிள்ளை வளரவே இல்லை. அவளுடைய தங்கை அவளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள்.

கோகர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். தைராய்டை முழுதாக எடுத்தவர்களில் 18 பேரைப் பரிசோதித்ததில் 16 பேருக்கு இந்த நிலை. 1883-ல் அதை மறைக்காமல் தன் சக மருத்துவர்கள் முன்னால் சொன்னார். தைராய்டை முழுதாக எடுப்பது கூடாது என்றும் சொன்னார். தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வியன்னாவில் நடந்தது வேறு. பில்ரோத்தின் நோயாளிகள் சிலருக்கு ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே விரல்கள் விறைத்து, கை கோணி, உடம்பு இழுத்தது. சிலர் இறந்தும் போனார்கள். இதற்குப் பெயர் டெட்டனி. (துருப்பிடித்த ஆணி குத்தி வரும் டெட்டனஸ் இல்லை, அது வேறு.)

ஒரே ஆபரேஷனுக்கு ஏன் ரெண்டு விதமான விளைவு?

ரெண்டு பேரின் அரங்கிலும் நின்று பார்த்த அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் பின்னாளில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ரொம்ப அழகான விளக்கம்.

கோகர் நிதானமானவர். ரத்தம் சிந்தாமல் தைராய்டை மட்டும் சுத்தமாக உரித்து எடுப்பார். அதனால் தைராய்டு முழுதாகப் போய்விடும், பின்னால் இருக்கும் நாலு பருப்பும் தப்பித்துவிடும்.

பில்ரோத் வேகமானவர். தைராய்டில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். ஆனால் பாராதைராய்டு அடிபட்டுவிடும், இல்லையென்றால் சேர்ந்து வந்துவிடும்.

ஆக, பெர்னில் போனது தைராய்டு. வியன்னாவில் போனது பாராதைராய்டு. ரெண்டு நிபுணர்களின் கைப்பழக்கம், ரெண்டு சுரப்பிகளின் வேலையைப் பிரித்துக் காட்டிவிட்டது.

இதைச் சோதனையில் நிரூபிக்க இன்னும் சில வருடம் பிடித்தது. 1891-ல் பிரான்சின் யூஜின் க்ளே இந்தச் சுரப்பிகள் உயிருக்கு முக்கியமானவை என்று கவனித்தார். 1896-ல் இத்தாலியில் வசாலே, ஜெனராலி இருவரும் பாராதைராய்டை மட்டும் எடுத்தாலே டெட்டனி வருகிறது என்று காட்டினார்கள். 1909-ல் அமெரிக்காவில் மெக்கல்லம், வோக்ட்லின் இருவரும் இழுப்பு வந்த நாய்களுக்குக் கால்சியம் கொடுத்தார்கள். நின்றுவிட்டது!

காண்டாமிருகம் இறந்து அப்போது 60 வருடம் ஆகியிருந்தது.

இனி மருந்துக் கதைக்கு வருவோம். இங்கேயும் தைராய்டுக்கு அதிர்ஷ்டம், பாராதைராய்டுக்கு இல்லை.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு சுரக்காமல் வீங்கிப் போயிருந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதன்பின் 28 வருடம் உயிரோடு இருந்தார். அதற்குத் தேவைப்பட்டது 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு. மதுரைக்காரர்களான நமக்கு ஆட்டுக்கறிக் கணக்கு நன்றாகவே புரியும்.

1914 கிறிஸ்துமஸ் அன்று எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1920-களிலேயே ஆய்வகத்தில் அதைச் செய்யவும் முடிந்தது. இன்று அது ஒரு சின்ன மாத்திரை. தினம் ஒன்று, முடிந்தது வேலை.

பாராதைராய்டு சாற்றை 1925-ல் ஜேம்ஸ் காலிப் தயாரித்தார். இன்சுலின் தயாரித்த குழுவில் இருந்தவர்தான் இவரும். ஆனால் அந்தச் சாற்றைத் தொடர்ந்து போட்டால் நாளடைவில் வேலை செய்யவில்லை. அதனால் சுரப்பியின் ஹார்மோனுக்குப் பதிலாகக் கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் கொடுத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. பாராதைராய்டு ஹார்மோனையே மருந்தாகத் தர அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது 2015-ல்தான். நம்ம ஊரில் இன்றும் அடிப்படை சிகிச்சை கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரியாலும்தான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை சார், நம்ம நாட்டுல?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

ராபர்ட் மெக்காரிசன். 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த ஐரிஷ்காரர். அன்றைய இந்தியாவின் வடகோடியில் இருந்த சித்ரால், கில்கிட் மலைப்பள்ளத்தாக்குகளில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வீடு கழலை. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்ததால் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள்.

கில்கிட்டில் ஒரே வாய்க்கால் பல ஊர்களைத் தாண்டிப் போகும். வாய்க்காலில் கீழே போகப் போகக் கழலை கூடுவதைக் கணக்கெடுத்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, அந்த வண்டலைத் தானே குடித்தும் பார்த்தார். காரணம் கிருமி என்று நினைத்தார். அது முழு உண்மை இல்லை, அயோடின் குறைவுதான் அடிப்படை என்று பிறகு உறுதியானது.

ஆனால் அவர் எழுதி வைத்த இன்னொரு விஷயம்தான் நமக்கு முக்கியம். கழலை நிறைந்த அதே பள்ளத்தாக்கில், பெண்களுக்குக் கை கால் இழுக்கும் டெட்டனி இருப்பதை அவர் பதிவு செய்தார். தைராய்டு குறைவும் கால்சியம் கோளாறும் ஒரே ஊரில். இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர் ஒருவர் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில், நூறு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்.

இவர் அப்புறம் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம்ம குன்னூர்! அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் அவர் தொடங்கிய சத்துணவு ஆராய்ச்சிக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

1956-ல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி.ராமலிங்கசாமி குழுவினர் அயோடின் உப்பு கொடுத்துக் கழலை குறைவதை நிரூபிக்க ஆரம்பித்தார்கள். 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. அதனால் இன்று நம்ம ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தைராய்டு குறைவது அயோடினால் இல்லை. நம் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோயால். 1912-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர்தான் அது.

இதுவரை பாராதைராய்டு குறைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். கூடினால்?

எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டும். எலும்பு பலவீனமாகும், கிட்னியில் கல் வரும்.

1925-ல் வியன்னாவில் ஒரு டிராம் வண்டி ஊழியர் எலும்பு நொறுங்கி, நடக்க முடியாமல் கிடந்தார். மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்டல் முதலில் பாராதைராய்டு குறைவு என்று நினைத்து, இறந்த ஒருவரின் சுரப்பியை அவருக்குப் பதித்தார். பலனில்லை. பிறகு யோசனையைத் தலைகீழாக மாற்றி, கழுத்தைத் திறந்து, கட்டியாகியிருந்த பாராதைராய்டை எடுத்தார். அந்த மனிதர் மறுபடி நடந்தார். சில வருடம் கழித்து நோய் திரும்பியது உண்மைதான், ஆனால் வழி திறந்துவிட்டது.

அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டன். எலும்புகள் நொறுங்கி உயரத்தில் 7 அங்குலம் குறைந்துபோனார். 1926 முதல் 1932 வரை ஏழு ஆபரேஷன். ஆறு முறை கழுத்தில் தேடியும் கட்டி கிடைக்கவில்லை. ஏழாவது முறை நெஞ்சுக்குள் இருந்தது! கரு வளரும்போது இந்தச் சுரப்பி கழுத்திலிருந்து கீழே நகர்ந்துவிடுவதும் உண்டு. கட்டி கிடைத்தும் சில வாரங்களில் அவர் இறந்துபோனார். கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தது. தாமதத்தின் விலை அது.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம்.

தைராய்டு குறைவும் பாராதைராய்டு கோளாறும் ஒருவருக்கே எப்படி வரும்? மூன்று வழி.

ஒன்று, கேன்சருக்காகவோ பெரிய கழலைக்காகவோ தைராய்டை முழுதாக எடுத்தவர்கள். தைராய்டு மாத்திரை வாழ்நாள் முழுக்க. கூடவே பாராதைராய்டுக்கு ரத்த ஓட்டம் பாதித்தால் கால்சியம் குறையும். பெரும்பாலோருக்கு இது சில வாரம், சில மாதத்தில் சரியாகும். சிலருக்கு மட்டும் நிரந்தரம். எவ்வளவு திறமையான சர்ஜன் செய்தாலும் இது நடக்கக்கூடியதுதான்.

இரண்டு, எதிர்ப்பு சக்தி ரெண்டு சுரப்பிகளையும் தாக்குவது. அபூர்வம்.

மூன்று, ஹஷிமோட்டோ இருப்பவருக்குத் தனியாக ஒரு பாராதைராய்டு கட்டி. சத்தமில்லாமல் வருவது இதுதான். ஏன் தெரியுமா?

தைராய்டு குறைந்தால்: அசதி, மலச்சிக்கல், மனச்சோர்வு, உடம்பு வலி.
கால்சியம் கூடினால்: அசதி, மலச்சிக்கல், மனச்சோர்வு, உடம்பு வலி.

ரெண்டும் ஒரே பட்டியல்! அதனால் பழி முழுக்க தைராய்டு மேல் போய்விடும். ஆனால் அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், திரும்பத் திரும்ப கிட்னி கல், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவு, இதெல்லாம் தைராய்டின் வேலை இல்லை.

அதே மாதிரி கால்சியம் குறைந்தால் வருவது: உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி, விரல் நுனி மரப்பு, கை கால் பிடித்து இழுப்பது, சிலருக்கு வலிப்பு.

பிபி பார்க்கும் பட்டையைக் கட்டி மூன்று நிமிடம் அழுத்தி வைத்தால் விரல்கள் குவிந்து கை மடங்கும். 19-ம் நூற்றாண்டில் பிரான்சின் ட்ரூசோ கவனித்துச் சொன்ன அறிகுறி இது. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், எங்களிடம் வாருங்கள்.

வலிப்பு வந்ததும் பலர் முதலில் போவது பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதிக்கு. போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் எந்த மறுப்பும் இல்லை. கூடவே சீரம் கால்சியம் என்ற ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். குறிப்பாக, கழுத்தில் தையல் தழும்பு இருப்பவருக்கு. வலிப்புக்குக் காரணம் கால்சியம் என்றால், கால்சியத்தைச் சரி செய்யாமல் வலிப்பு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பலனில்லை.

இன்னொன்று, கண். வருடக்கணக்கில் கால்சியம் குறைவாகவே இருந்தால் சின்ன வயதிலேயே கண்புரை வரும். கண்புரை சிகிச்சைக்கு உலகமே திரும்பிப் பார்க்கும் ஊர் நம்ம மதுரை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த ஊர். முப்பது வயதில் ரெண்டு கண்ணிலும் புரை என்றால், புரையை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு "ஏன் வந்தது?" என்றும் கேளுங்கள். சுகர் பார்ப்பது போல கால்சியமும் பார்க்க வேண்டும்.

ரெண்டு கோளாறும் சேர்ந்து இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். காபி, டீ, இட்லி எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து.

கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே விதி. சேர்த்து விழுங்கினால் கால்சியம் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டி.எஸ்.எச் ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார், கோளாறு நேரத்தில் இருக்கும்.

பாராதைராய்டு குறைந்தவருக்குக் கால்சியம் உயிர்காக்கும் மருந்து. அதற்காக இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது, கிட்னியில் படியும். பாராதைராய்டு கூடியவர் டாக்டரைக் கேட்காமல் கால்சியம், வைட்டமின் டி ஊசி போடவே கூடாது. ஒரே மாத்திரை, ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு ஆபத்து. பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் பாராதைராய்டு ஹார்மோன் கூட என்று வந்ததும் பயப்படவும் வேண்டாம். வைட்டமின் டி குறைந்தாலே அது கூடும். கால்சியம், அல்புமின், வைட்டமின் டி, கிட்னி எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு.

சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையை விட்டு இறங்கும் நாட்களில், அவர் பின்னாலேயே மதுரைக்கு நடப்பவர்கள் நம்மிடம் நிறையப் பேர். வெயில், வேர்வை, தூக்கமில்லை, சாப்பாடு நேரத்துக்கு இல்லை. கால்சியமும் கால்சிட்ரியாலும் எடுப்பவர்கள் அந்த நாட்களில் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். முந்தானையில் முடிந்துகொண்டாவது போங்கள். தைராய்டு மாத்திரை ஒருநாள் விட்டால் பெரிதாகத் தெரியாது. கால்சியம் விட்டால் அன்றைக்கே விரல் இழுக்கும்.

முடிவாக ஒன்று.

தைராய்டு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், டி.எஸ்.எச்சும் நார்மல், ஆனாலும் உடம்பு சரியில்லை என்றால், "மனப்பிரமை" என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்குக் கால்சியம் ஒரு தடவை பார்த்துரலாமா?"

பெரிய செலவு இல்லாத பரிசோதனை. அன்று மார்ட்டெலுக்கு வருடக்கணக்கில் கிடைக்காத பதில், இன்று பல நேரம் ஒரு டியூப் ரத்தத்தில் தொடங்கிவிடுகிறது.

கழுத்தில் தழும்பு இருக்கும் ஒருவரை, தைராய்டு மாத்திரை போடும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இதை அனுப்பி வையுங்கள்.



அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
அழகர்கோவில், மதுரை